கைதிகளை நம்பிய ஊர்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கத்துத் தமிழர்களிடம் கோலிங்கா என்று சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஐ-5 நெடுஞ்சாலையில் லாஸ் ஏஞ்சலஸ் போகிற வழியில், ஏறக்குறையப் பாதித் தூரத்தில், ஹாரிஸ் ராஞ்சின் மாட்டுப்பட்டி சாலையை ஒட்டிக் கிடக்கிறது. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகமாகக் கடந்துபோவார்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜ் ஏற்றக் கொஞ்ச நேரம் இறங்கி நிற்பார்கள். ஊர் அங்கிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு மைல் உள்ளே இருக்கிறது. ஊருக்குள் போய்வந்த ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

எனக்குப் போகவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு சிறைச்சாலை. கோலிங்கா நகராட்சிக்குச் சொந்தமான சிறை அது. நகராட்சியே காவலர்களை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, சமையல் முதல் சலவை வரை பார்த்துக்கொண்டு, கலிபோர்னியா மாநிலத்தின் கைதிகளை ஒப்பந்த அடிப்படையில் வைத்திருந்தது. நம் நாட்டில் சிறை மாநில அரசின் பொறுப்பு. குப்பை அள்ளுவதும் குடிநீர் விடுவதும் தெருவிளக்குப் போடுவதும் நகராட்சி வேலை. ஒரு நகராட்சி தன் வரவு செலவுக் கணக்கில் கைதிகளை வரவுப் பக்கத்தில் எழுதிக்கொள்வதை நாம் கேட்டிருக்க வழியில்லை. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் கோலிங்கா, ஷாஃப்டர், டெலனோ, டாஃப்ட் ஆகிய சிற்றூர்கள் அதைத்தான் செய்தன.

"ஜெயிலைப் பார்க்கவா மாமா இவ்வளவு தூரம்?" என்றான் ஃப்ரீமாண்டில் இருக்கும் என் தங்கை மகன். காரை ஓட்டியவன் அவன். அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறான், ஒருமுறையும் இறங்கியதில்லை.

ஜெய்ன் அவென்யூ என்கிற வெளிவழியில் திரும்பினோம். செப்டம்பர் கடைசி. இரண்டு பக்கமும் பாதாம் அறுவடை. ஓர் இயந்திரம் மரத்தின் அடித்தண்டை இரும்புக் கையால் கவ்விப் பிடித்து உலுக்குகிறது. சில நொடிதான், காய் முழுக்கப் பொலபொலவென்று கொட்டிவிடுகிறது. அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறது. பின்னாலேயே எழும் புழுதி ஆளை மறைக்கிறது. அந்தப் புழுதிக்கு நடுவே திடீரென்று விளக்குக் கம்பங்களும் முள்கம்பிச் சுருள்களும் தெரிந்தன. பிளசண்ட் வேலி மாநிலச் சிறை, 1994இல் திறந்தது. அதை அடுத்தாற்போல் கோலிங்கா மாநில மருத்துவமனை, 2005இல் வந்தது. தண்டனை முடிந்த பிறகும் பாலியல் குற்றவாளிகள் என்று அடைத்து வைக்கப்பட்டிருப்பவர்களுக்கான இடம் அது. இரண்டும் மாநில அரசின் நேரடி நிறுவனங்கள்.

புழுதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்த மண்ணில் ஒரு பூஞ்சை வாழ்கிறது. காற்றில் கிளம்பி நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல் வரும். பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்கிறார்கள். பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாமல் போய்விடும். சிலருக்கு எலும்பு வரை, மூளை உறை வரை பரவி உயிரை எடுத்துவிடும். பிளசண்ட் வேலியிலும் பக்கத்து ஊரான அவனாலின் சிறையிலும் கைதிகள் செத்தார்கள். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை, அதாவது கறுப்பினத்தவர், ஃபிலிப்பினோக்கள், சர்க்கரை நோயாளிகள் போன்றவர்களை, இந்த இரண்டு சிறைகளிலிருந்தும் வெளியேற்றும்படி 2013இல் ஃபெடரல் நீதிபதி ஒருவர் உத்தரவிடவேண்டி வந்தது. எங்கே நிலம் மலிவோ, எங்கே எதிர்க்க ஆள் குறைவோ அங்கே சிறை கட்டினார்கள். மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. சுதந்திரமாக இருக்கிறவன் புழுதி நாளில் கதவைச் சாத்திக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஊரைவிட்டே போகலாம். கைதிக்கு அதிகாரி சொன்ன இடம்தான்.

கோலிங்கா எண்ணெயால் எழுந்த ஊர். எண்ணெய்க் கிணறு துளைக்கும் கருவிகளில் பேர் பெற்ற ஆர்.சி. பேக்கர் தொழில் நடத்திய இடம் இது. அவர் பெயரில் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1983 மே 2ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் கடைவீதியின் செங்கல் கட்டடங்கள் பெரும்பாலும் சரிந்துபோயின. கடைவீதியில் நின்று பார்த்தால் அது இன்றும் தெரிகிறது. பழைய அமெரிக்கச் சிற்றூர்களில் தெருவின் இருபுறமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கட்டடங்கள் இங்கே இல்லை, நடுநடுவே வெறுமை. எண்ணெயும் ஏறி இறங்கும். இப்படி ஆடிப்போன ஊருக்கு 1990களில் நிலையான வருமானமாக வந்து சேர்ந்தவை சிறைகள்.

நகராட்சியே சிறை நடத்தும் ஏற்பாடு ஏன் வந்தது? 1852இல் சான் குவென்டினில் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு டஜன் சிறைகளோடு சமாளித்த கலிபோர்னியா, 1984க்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட சிறைகளைக் கட்டித் தள்ளியது. போதைப்பொருள் சட்டங்கள் கடுமையாயின. 1994இல் மூன்றாம் குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை என்ற சட்டம் வந்தது. பரோலில் போனவர் சந்திப்புக்கு வரவில்லை, சிறுநீர்ச் சோதனையில் தேறவில்லை என்றாலும் மீண்டும் உள்ளே. கட்டக் கட்ட நிரம்பியது. இந்த நெருக்கடியில்தான் சிறிய நகராட்சிகளோடும் தனியார் நிறுவனங்களோடும் மாநிலம் ஒப்பந்தம் போட்டது. ஆபத்துக் குறைந்தவர், பெரிய நோய்நொடி இல்லாதவர், மீதமிருக்கும் தண்டனை குறைவானவர் என்று பொறுக்கி எடுத்து அனுப்பும். தனித்தனி அறைகள் கிடையாது, நீளக் கூடங்களில் அடுக்குக் கட்டில்கள். மாநிலத்தின் அதிகாரிகள் சிலர் அங்கேயே உட்கார்ந்து மேற்பார்வை செய்வார்கள். தலைக்கு, நாளுக்கு இத்தனை டாலர் என்று நகராட்சிக்குப் பணம் வரும்.

கோலிங்காவின் சிறைக்கு கிளேர்மாண்ட் காவல் மையம் என்று பெயர். ஐந்நூறு பேர் அளவுக்குக் கொள்ளளவு. ஊருக்கு அது வெறும் கட்டடமாக இருக்கவில்லை. காவலர் வேலைக்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை, மருத்துவக் காப்பீடு உண்டு. தோட்டக் கூலியிலிருந்து ஒரு படி மேலே வர இந்த ஊர்களில் இருக்கிற வாசல்கள் மிகச் சில.

2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பிரவுன் எதிர் பிளாட்டா. நீதிபதி கென்னடி எழுதிய அந்தத் தீர்ப்பைப் படித்தால் இரவு தூக்கம் வராது. ஏறக்குறைய 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் உச்சக்கட்டமாக 2006இல் 1,70,000 பேர் வரை இருந்திருக்கிறார்கள். ஒரே கழிப்பறை 54 பேருக்கு. 12க்கு 20 அடி கூண்டில் ஐம்பது நோயாளிகள் மணிக்கணக்கில் வைத்தியத்துக்குக் காத்திருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தொலைபேசிக் கூண்டு அளவே உள்ள இரும்புக் கூண்டுகளில், கழிப்பறைகூட இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒழுங்கான மருத்துவம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய கைதி, ஆறேழு நாளைக்கு ஒருவர் வீதம் செத்துக்கொண்டிருந்தார் என்று 2005இலேயே கீழ்நீதிமன்றம் பதிவு செய்திருந்தது. படங்களையும் தீர்ப்போடு இணைத்திருந்தார்கள். கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்கு மேல் ஆள் இருக்கக்கூடாது என்ற ஆணை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உறுதியானது. நான்கு பேர் எதிராக வாக்களித்தார்கள் என்பதே எனக்கு இன்னும் ஆறவில்லை.

2011 அக்டோபர் முதல் தேதியிலிருந்து சிறு குற்றங்களுக்கான தண்டனையை மாநிலச் சிறையில் கழிக்க வேண்டாம், மாவட்டமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சட்டம் மாறியது. நகராட்சிச் சிறைகளுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இந்த வகை ஆட்கள்தான். ஊற்று அடைபட்டது. ஒப்பந்தங்களை மாநிலம் முடித்துக்கொண்டது. கிளேர்மாண்ட் மூடப்பட்டது, சுமார் நூறு பேருக்கு வேலை போயிற்று.

கோலிங்காவில் ஒரு டோனட் கடையில் அந்த நூறு பேரில் ஒருவரைப் பார்த்தோம். பேச்சை நாங்களாகத் தொடங்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்தான் கேட்டார். அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வயதும் உடம்பும் இடம் கொடுத்ததால் மாநிலத் தேர்வெழுதி, கால்ட் நகரில் இருக்கும் பயிற்சிக் கழகத்துக்குப் போய், பிளசண்ட் வேலியில் சேர்ந்துவிட்டார்கள். இவருக்கு முழங்கால் சரியில்லை. "நாங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. அந்தப் பையன்களும் செய்யவில்லை. மேலே யாரோ கணக்கை மாற்றினார்கள்" என்றார். பையன்கள் என்று அவர் சொன்னது கைதிகளை. சிலருடைய பிறந்தநாள்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது என்றார்.

அவர் மீது எனக்கு வருத்தம்தான். ஆனால் தீர்ப்பு சரி, ஆட்களை விட்டது சரி. முன்பே விட்டிருக்கவேண்டும். இந்த ஊர்களில் நின்று யோசிக்கையில் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது வேறொன்று. ஒரு நல்ல காரியம் நடந்தால், அதாவது சிறையில் ஆள் குறைந்தால், ஒரு ஊரே கவலைப்படும்படி ஏற்பாடு செய்து வைத்தவர்கள் யார்? மருத்துவமனைக்கு நோயாளி குறைந்தால் ஊர் சந்தோஷப்படும். இங்கே கட்டில் காலியானால் நகர்மன்றத்தில் பதற்றம். ஒப்பந்தத்தை எழுதியது மாநிலம், முறித்ததும் மாநிலம். கடன் நகராட்சியின் தலையில். கட்டடமும் அதன் தலையில்.

ஐந்து ஆண்டு கிளேர்மாண்ட் கட்டடம் காலியாக நின்றது. நகராட்சிக்கு 30 லட்சம் டாலருக்கும் மேல் கடன். 2016 ஜூலையில் நகர்மன்றம் கஞ்சாத் தொழிலுக்கு அனுமதி கொடுத்தது. அக்டோபரில், பாப் மார்லியின் மகனும் இசைக்கலைஞருமான டேமியன் மார்லி பங்குதாரராக இருந்த ஓஷன் க்ரோன் எக்ஸ்ட்ராக்ட்ஸ் நிறுவனம் 41 லட்சம் டாலருக்குச் சிறையை வாங்கியது. கஞ்சா எண்ணெய் பிரித்தெடுக்க. அடுத்த மாதமே கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, 21 வயதானவர்கள் கஞ்சா வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கினார்கள். நகராட்சியின் கடன் தீர வழி பிறந்தது.

கேல் அவென்யூவில் வெளியே நின்றுதான் பார்த்தோம். தாழ்வான, தட்டையான கட்டடம். உள்ளே விடமாட்டார்கள், நாங்கள் கேட்கவும் இல்லை. பத்திரிகைகள் இந்த விற்பனையை ஒரு வேடிக்கையாக எழுதின. எனக்கு வேடிக்கை தோன்றவில்லை. பரோலில் இருந்தபோது சிறுநீரில் கஞ்சா தெரிந்ததற்காகத் திரும்ப அடைக்கப்பட்டவர்கள் கலிபோர்னியாவில் ஏராளம். இந்தக் கூடங்களில் அப்படி எத்தனை பேர் படுத்து எழுந்தார்களோ. கஞ்சா வழக்குகளில் தண்டனை பெற்றவர்களின் பழைய பதிவுகளை அரசே தேடி எடுத்து அழிக்கவேண்டும் என்று 2018இல்தான் சட்டம் வந்தது. பதிவு அழியலாம். இழந்த வேலைக்கும் பிரிந்துபோன குடும்பத்துக்கும் அந்தச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

மறுநாள் 33ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கினோம். தனிமையான சாலை. அவனால் ஊரைத் தாண்டியதும் மனித வாசம் குறைந்துவிடுகிறது. பிளாக்வெல்ஸ் கார்னரில் பிஸ்தா வாங்கினோம். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955இல் விபத்தில் சாவதற்கு முன் கடைசியாக நின்ற இடம் என்று படம் வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் டாஃப்ட் வரை எண்ணெய் பம்புகள்தான். தலையை ஆட்டிக்கொண்டே இருக்கின்றன, நூற்றுக்கணக்கில். 1910இல் இங்கே லேக்வியூ கிணறு வெடித்துக் கிளம்பி ஒன்றரை ஆண்டு அடங்காமல் கொட்டியது.

டாஃப்ட், ஷாஃப்டர், டெலனோ மூன்றும் கோலிங்காவைவிட ஒரு சுற்று கூடுதலாக அலைக்கழிக்கப்பட்டவை. 2011இல் கைவிட்ட மாநிலம் 2013இல் திரும்பி வந்தது. 137.5 சதவீத வரம்புக்குள் இறங்க நீதிபதிகள் நெருக்கினார்கள். ஆட்களை மேலும் விடுவிக்க மனமில்லாத அரசு, வெளியே கட்டில்களை வாடகைக்குப் பிடிக்க 31.5 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டது. பூட்டிய நகராட்சிச் சிறைகளைத் திறந்தார்கள், ஆள் எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். 2020இல் கோவிட். சிறைகளில் நோய் பரவி ஆட்கள் செத்தபோது, முன்கூட்டி விடுவிப்பதும் புதியவர்களை எடுக்காமல் நிறுத்துவதும் சேர்ந்து, கைதிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஷாஃப்டரின் ஒப்பந்தம் 2020இல் முடிந்தது. டாஃப்டின் ஒப்பந்தம் 2021இல். பத்தே ஆண்டில் இரண்டு தடவை ஒரே ஊரின் ஒரே வேலை இப்படிப் போயிருக்கிறது.

43ஆம் எண் சாலையில் ஷாஃப்டரையும் வாஸ்கோவையும் கடந்தோம். வாஸ்கோ ரோஜாவுக்குப் பேர் போனது. அதற்கும் 1991இல் திறந்த மாநிலச் சிறை ஒன்று உண்டு. பிறகு மெக்ஃபார்லண்ட். இங்கே நகராட்சிச் சிறை கிடையாது, ஜியோ என்ற தனியார் நிறுவனத்தின் சிறைகள். 2019இல் கலிபோர்னியா தனியார் சிறைகளுக்குத் தடை விதித்தது. மாநில ஒப்பந்தம் கைவிட்டுப் போகவே, அந்த நிறுவனம் குடிவரவுக் கைதிகளை அடைக்கும் ஃபெடரல் ஒப்பந்தத்துக்கு மாற முயன்றது. தோட்ட வேலைக்கு வந்தவர்கள் ஊரில் ஏராளம். தங்களையே பிடித்து அடைக்கும் இடம் தங்கள் ஊரிலா என்று கூட்டங்களுக்குத் திரண்டு வந்து எதிர்த்தார்கள். திட்டக்குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்து முன்மொழிவு தோற்றது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில், நகர்மன்றம் ஒப்புதல் கொடுத்தது. நகராட்சியின் பணமுடை எப்படிப்பட்டது என்பதை அந்த மன்ற உறுப்பினர்களைக் கேட்டால் சொல்வார்கள். கட்டில் ஒருமுறை போட்டுவிட்டால் அதில் படுக்க யாரையாவது தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே, காலியான கட்டடங்களைப் பள்ளியாகவோ வேறெதுவாகவோ மாற்றும் செலவை மாநிலம் ஏற்றிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தால் மாநிலத்துக்கு மிச்சமான பணம் கொஞ்சநஞ்சமல்ல.

டெலனோவுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை ஊருக்கு மேற்கே நாற்பது ஏக்கர் என்று அழைக்கப்படும் பழைய தொழிற்சங்க வளாகத்துக்குப் போனோம். 1965 செப்டம்பரில் ஃபிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர்கள் லாரி இட்லியாங் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்க, சில நாளில் சீசர் சாவேஸின் மெக்சிகத் தொழிலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து ஆண்டு நடந்தது. 1970 ஜூலையில் முதலாளிகள் இந்த வளாகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதே டெலனோவில் இன்று இரண்டு மாநிலச் சிறைகள், 1993இல் ஒன்று, 2005இல் ஒன்று. காவலர்களிலும் கைதிகளிலும் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.

பெட்ரோல் போடும் இடத்தில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், கார் பானட்டின் மேல் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் பை. சிறையில் பார்வையாளர் அதில்தான் பணம் கொண்டுபோகலாம், உள்ளே இருக்கும் தின்பண்ட இயந்திரத்துக்கு. பர்ஸ் கூடாது, பெரிய நோட்டுக் கூடாது, நீல ஜீன்ஸ் கூடாது, ஏனென்றால் கைதிகளின் உடை நீலம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்திருக்கிறார். மகன் முன்பு டாஃப்டில் இருந்தான், அங்கே மூடியதும் வடக்கே எங்கோ கொண்டுபோனார்கள், இப்போது இங்கே. மாற்றியது அவருக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்றாம். 2023லிருந்து சிறையில் போன் இலவசம், அது ஒன்று நல்லது செய்தார்கள் என்றார்.

டாஃப்டில் இருந்தது நகராட்சி நடத்திய சிறை, தெரியுமா என்று என் மருமகன் கேட்டான்.

"யார் நடத்தினால் என்ன? எனக்கு எத்தனை மணி நேர டிரைவ் என்பதுதான் கணக்கு" என்றார்.

ஒற்றை டாலர் நோட்டு போதவில்லை. எங்களிடம் இருந்தவற்றைக் கொடுத்தோம், அதுவும் போதவில்லை. கடைக்குள் போய் இருபது டாலரை நீட்டினார். கடைக்காரர் கேள்வி கேட்காமல் கல்லாவுக்குக் கீழே கையை விட்டு, ரப்பர் பேண்ட் போட்ட ஒற்றை டாலர்க் கட்டை எடுத்தார். சனி ஞாயிறு வந்தால் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள், வெள்ளிக்கிழமையே வங்கியில் வாங்கி வைத்துவிடுவேன் என்றார்.